இத்தாலி தஸ்கனியில் வாடகைக் கார்: கிளம்பும் முன் என்னென்ன தயார் செய்யணும்?

பெருங்குடி_பயணி கேட்டது:

வணக்கம். மே மாதம் இத்தாலி போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா, 6 வயது மகள் (உயரம் 118 செ.மீ.). பிளாரன்ஸில் 3 இரவு, அப்புறம் சியெனாவுக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டில் 4 இரவு. அங்கிருந்து சான் ஜிமிஞானோ, பீசா பார்த்துவிட்டு பிளாரன்ஸ் ஏர்போர்ட்டில் காரைத் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம்.

சென்னையில் 11 வருடமாக ஓட்டுகிறேன், மேனுவல் கார்தான். வெளிநாட்டில் ஓட்டியதில்லை. கேள்விகள்:

1. தமிழ்நாடு லைசென்ஸ் மட்டும் போதுமா? அது ஆங்கிலத்தில்தானே இருக்கிறது?
2. என்ன கார் எடுக்கலாம்? பெரிய பெட்டி நாலு, சின்னது இரண்டு.
3. கவுன்ட்டரில் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னால் எடுக்கணுமா?
4. வலது பக்கம் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம்?
5. இசட்.டி.எல். அபராதம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அது என்ன?

---

நாலுசக்கரம்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். போதாது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வாங்கிய லைசென்ஸுடன் இத்தாலியில் ஓட்ட, சர்வதேச ஓட்டுநர் அனுமதி (ஐ.டி.பி.) வேண்டும், இல்லாவிட்டால் சான்றளித்த இத்தாலிய மொழிபெயர்ப்பு வேண்டும். லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். சில வாடகைக் கம்பெனிகள் ஐ.டி.பி. கேட்காமலே சாவி கொடுத்துவிடும். அதை நம்பாதீர்கள். கேட்கப்போவது ரோட்டில் நிற்கும் போலீஸ். குறைந்தபட்ச அபராதமே 400 யூரோவுக்கு மேல். அதைவிடப் பெரிய சிக்கல், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்க அது ஒரு காரணமாகிவிடும்.

ஐ.டி.பி. கொடுப்பது நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். பரிவாஹன் தளத்தில் சாரதி பகுதிக்குப் போய், தமிழ்நாடு தேர்வு செய்து, லைசென்ஸ் சேவைகளில் விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல், போட்டோ தயாராக வைத்திருங்கள். விசா, டிக்கெட் நகலும் கையில் இருந்தால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது. செல்லுபடி ஒரு வருடம். லைசென்ஸ் அதற்கு முன்பே முடிந்தால் ஐ.டி.பி.யும் அன்றோடு முடிந்தது. அதனால் முதலில் லைசென்ஸின் கடைசித் தேதியைப் பாருங்கள். மே பயணத்துக்கு மார்ச்சில் போட்டால் சரியாக இருக்கும்.

இணையத்தில் "5 வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று பிளாஸ்டிக் அட்டை விற்கிறார்கள். அது வெறும் அட்டை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்தியா பின்பற்றுவது 1949 ஜெனீவா ஒப்பந்தம், அதன்படி ஐ.டி.பி.யின் ஆயுள் ஒரு வருடம்தான். அஞ்சு வருடம் என்று போட்டிருந்தாலே போலி என்று தெரிந்துகொள்ளலாம்.

ஐ.டி.பி. தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸ் அட்டையும் கூட இருக்கணும். டிஜிலாக்கரைக் காட்டினால் அங்கே புரியாது.

இப்போது நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். லைசென்ஸில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "முருகன் சுப்பையா", கிரெடிட் கார்டில் "முருகன் எஸ்". நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட், லைசென்ஸ், ஐ.டி.பி., கிரெடிட் கார்டு நாலையும் மேஜைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். லைசென்ஸில் பெயர் வேறாக இருந்தால் அதைத் திருத்திய பிறகு ஐ.டி.பி.க்குப் போடுங்கள், ஏனென்றால் ஐ.டி.பி.யில் லைசென்ஸ் பெயர்தான் ஏறும். கார் முன்பதிவைப் பாஸ்போர்ட் பெயரில் செய்யுங்கள். கிரெடிட் கார்டு கட்டாயம் முதன்மை ஓட்டுநர் பெயரில் இருக்கணும். மனைவி கார்டைக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

---

டிக்கி_இடம்:

ஐந்து பேர், நாலு பெரிய பெட்டி என்றால் "காம்பாக்ட்" வகையை மறந்துவிடுங்கள். அந்த வகைக் காரின் டிக்கி சுமார் 380 லிட்டர். பெரிய பெட்டி இரண்டு, மேலே ஒரு பை, அவ்வளவுதான். மேலே கேரியர் கட்டி தார்ப்பாய் போடும் வேலையெல்லாம் வாடகைக் காரில் நடக்காது. ஏழு சீட் வண்டி எடுத்தாலும் மூன்றாவது வரிசையை விரித்தால் டிக்கி காலி. ஐந்து பேருக்கு அதை மடித்து வைத்தே ஓட்டலாம், இடம் கிடைக்கும். ஆனால் வாடகையும் அகலமும் கூடும்.

உங்களுக்குப் பொருந்துவது ஸ்டேஷன் வேகன் (கூரை பின்னால் டிக்கி வரை நீளும் கார்). நம்ம ஊரில் யாரும் சீண்டாத வகை, அங்கே குடும்பத்தோடு போகிறவர்கள் தேடி எடுப்பது. டிக்கி 600 லிட்டர் பக்கம். பின் சீட்டில் மகளுக்கான பூஸ்டர் (சிறுவரை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) ஒன்றும் பெரியவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். அப்பாவை முன்னால் உட்காரவைத்து, பின்னால் மகளை ஒரு ஓரத்தில் உட்காரவையுங்கள். முடிந்தால் ஒரு பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முன்பதிவில் கார் படத்தைப் பார்க்காதீர்கள், அதன் கீழே "அல்லது இதுபோன்றது" என்று இருக்கும். நாலு எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். முதல் எழுத்து அளவு (சி என்றால் காம்பாக்ட், ஐ நடுத்தரம், எஸ் அதற்கு மேல்). இரண்டாவது உடல் வகை (டி சாதாரணம், டபிள்யு வேகன்). மூன்றாவது கியர் (எம் மேனுவல், ஏ ஆட்டோமேட்டிக்). நாலாவது எரிபொருளும் ஏ.சி.யும். அங்கே ஆர் இருந்தால் ஏ.சி. உண்டு, பெட்ரோலா டீசலா என்பது கவுன்ட்டரில்தான் தெரியும். ஈ இருந்தால் மின்சாரக் கார். மலிவாக இருக்கிறதே என்று தெரியாமல் அதை எடுத்தால், பண்ணை வீட்டில் சார்ஜ் போட இடம் தேட வேண்டிவரும்.

இத்தாலியில் மேனுவல்தான் வழக்கம். மேனுவலே கையில் பழக்கம் என்றாலும், முதல் முறை வலது பக்கம் ஓட்டுகிறவருக்கு ஆட்டோமேட்டிக் எடுக்கச் சொல்வேன். தஸ்கனி முழுக்க மேடு. இடது சீட்டில் உட்கார்ந்து, ஏற்றத்தில் நிறுத்தி, வலது கையால் கியர் தேடும் நேரத்தில் கண் ரோட்டில் இருக்காது. விலை கூடத்தான். எண்ணிக்கையும் குறைவு, அதனால் முன்கூட்டியே போடணும்.

மகளுக்கு: 150 செ.மீ. உயரம் வரும்வரை சிறுவர் சீட் அல்லது பூஸ்டர் கட்டாயம். 118 என்றால் முதுகு வைத்த பூஸ்டர் நல்லது. கம்பெனியில் நாள் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கொடுப்பது எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏழு நாள் வாடகைக்கு இங்கேயே புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம், ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குழந்தைக்கு 4 வயது ஆகவில்லை என்றால், குழந்தையை மறந்துவிட்டு இறங்கினால் ஒலி எழுப்பும் கருவியும் சீட்டோடு இருக்கணும். இத்தாலியில் பதிவான வாடகைக் காருக்கும் அந்தச் சட்டம் உண்டு.)

---

வலக்கை_கியர்:

நாலாவது கேள்விக்கு வருகிறேன். ஹைவேயில் வலது பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். முன்னால் போகிற வண்டியைப் பின்தொடர்ந்தாலே போதும். தவறு நடப்பது யாருமே இல்லாத இடத்தில்: பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, காலையில் காலி ரோட்டில் இறங்கும்போது, யு டர்ன் போட்ட பிறகு. பார்த்துப் பின்பற்ற வேறு வண்டி இல்லாதபோது கை தானாக இடது பக்கம் திரும்பும். ஒரே விதி: ஓட்டுகிறவர் தோள் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம். நம்ம ஊரிலும் அதேதான், சீட் மட்டும் மாறியிருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். இதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

அடுத்தது, யாரும் முன்கூட்டி எச்சரிக்காத ஒன்று. கார் வலது ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போகும். ஊரில் உங்களுக்கு வலப்பக்கம் ஒரு முழம் கார், இடப்பக்கம் ஒண்ணேகால் மீட்டர் கார். கண் அந்தக் கணக்கில் பதினொரு வருடம் ஊறியிருக்கும். இடது சீட்டுக்கு மாறியதும் கணக்கு தலைகீழ். நீங்கள் உங்கள் உடம்பைப் பழைய இடத்தில் வைப்பீர்கள், அப்போது வலது சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசும், வலது கண்ணாடி நிறுத்தியிருக்கும் காரில் தட்டும். வாடகைக் கார் திரும்பி வரும்போது வலது பக்க ரிம்மில் கீறல் இருப்பது இதனால்தான். சரிசெய்ய: இரண்டு கண்ணாடியையும் கொஞ்சம் கீழே சாய்த்து, பின் சக்கரத்தின் பக்கத்தில் ரோட்டுக் கோடு தெரிகிற மாதிரி வையுங்கள். முதல் அரை மணி நேரம் இடது கண்ணாடியில் நடுக்கோட்டுக்கும் சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அடிக்கடி பாருங்கள். "நடுக்கோட்டுக்கு ரொம்பக் கிட்ட போகிறோமே" என்று தோன்றும் இடம்தான் பெரும்பாலும் சரியான இடம்.

கை கால் விஷயம்: பெடல் வரிசை மாறாது. கியர் வரிசையும் மாறாது, முதல் கியர் இப்போது உங்கள் பக்கம் இருக்கும். ரிவர்ஸ் மட்டும் காருக்குக் கார் வேறு: சிலதில் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்கணும், சிலதில் குமிழைக் கீழே அமுக்கணும். கவுன்ட்டர் வாசலிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள், முட்டுச்சந்தில் போய்த் தேடாதீர்கள். மாருதி, ஹூண்டாய் ஓட்டிப் பழகியவர் என்றால் இண்டிகேட்டர் வலக்கை, வைப்பர் இடக்கை. அங்கே மாறியிருக்கும். வெயிலில் வைப்பர் ஆடினால் திருப்பம் வருகிறது என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

விதிகளில் நம்ம பழக்கம் மாட்டிவிடும் இடங்கள்:

ஃப்ரீ லெஃப்ட் பழக்கம் அங்கே "ஃப்ரீ ரைட்" ஆகும். அப்படி ஒன்று இத்தாலியில் கிடையாது. சிவப்பு என்றால் வலது திரும்பவும் கூடாது. பல சிக்னல்களில் கேமரா இருக்கிறது.

ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றணும். நுழையும் இடத்தில் தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் (கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருக்கும்) உள்ளே சுற்றுகிறவருக்கு, அதாவது உங்கள் இடப்பக்கம் இருந்து வருகிறவருக்கு வழிவிடணும். பலகையே இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. மலைக் கிராமங்களுக்குள் இது வரும்.

ஊர்ப்பெயர் எழுதிய வெள்ளைப் பலகை வந்தால் அங்கிருந்து வேகம் 50. தனியாக வேகப் பலகை இருக்காது, ஊர்ப்பெயரே பலகை. அதே பெயர்மேல் சிவப்புக் குறுக்குக் கோடு வந்தால் ஊர் முடிந்தது. வெளியே சாதாரண ரோட்டில் 90, இரட்டைச் சாலையில் 110, ஆட்டோஸ்ட்ராடா என்கிற டோல் ஹைவேயில் 130. மழை பெய்தால் 130 என்பது 110 ஆகிவிடும், 110 என்பது 90. ஆட்டோஸ்ட்ராடாவில் சில நீளங்களில் இரண்டு கேமராவுக்கு இடையே சராசரி வேகத்தையும் கணக்குப் போடுகிறார்கள், கேமராவைப் பார்த்துப் பிரேக் போட்டுப் பயனில்லை.

வலது லேன் ஓட்ட, இடது லேன் முந்த. முந்தியதும் வலதுக்கு வந்துவிடுங்கள். நம்ம தேசிய நெடுஞ்சாலையில் லாரி வலது லேனை அடைத்துக்கொண்டு போக, இடதில் புகுந்து முந்துகிறோமே, அதன் எதிரொலியாக வலதில் முந்தாதீர்கள். ஊருக்கு வெளியே பகலிலும் முன் விளக்கு எரியணும். போனைக் கையில் எடுத்தால் 2024 இறுதியில் வந்த சட்டப்படி அபராதம் 250 யூரோவில் தொடங்குகிறது.

---

பெருங்குடி_பயணி:

நன்றி சார், ரிம் கீறல் விஷயம் யோசித்தே பார்க்கவில்லை. லைசென்ஸில் இனிஷியல்தான் இருக்கிறது, திருத்தத்துக்குப் போட்டுவிடுகிறேன். இசட்.டி.எல். பற்றி யாராவது? பிளாரன்ஸில் ஓட்டல் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷன் பக்கம். வந்து இறங்கிய அன்றே ஏர்போர்ட்டில் கார் எடுப்பதாக நினைத்திருந்தேன்.

---

தெற்குவாசல்:

இறங்கிய அன்று எடுக்காதீர்கள். பிளாரன்ஸில் இருக்கும் 3 நாளும் கார் உங்களுக்குச் சுமைதான்: வாடகை ஒரு பக்கம், பார்க்கிங் ஒரு பக்கம், அபராத பயம் ஒரு பக்கம். ஏர்போர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே டி2 டிராம் ஓடுகிறது, இருபது நிமிடம். நாலாம் நாள் காலை அதிலேயே ஏர்போர்ட் போய், அங்கிருந்து வாடகைக் கார் வளாகத்துக்குப் போகும் இலவச பஸ்ஸில் ஏறி, காரை எடுத்துக்கொண்டு நேரே வெளியூர் ரோட்டைப் பிடியுங்கள். நகருக்குள்ளும் வாடகை ஆபீஸ்கள் இருக்கின்றன, ஆனால் அவை இசட்.டி.எல். தடை எல்லையை ஒட்டியே இருக்கும். முதல் ஐந்து நிமிடத்தில், வலது பக்கம் ஓட்டவே பழகாத நேரத்தில், அந்தச் சந்துகளில் சிக்க வேண்டாம்.

இசட்.டி.எல். என்பது "ஜோனா அ ட்ராஃபிகோ லிமிடாடோ", கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி. பழைய நகரின் உட்பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டி மட்டும் போகலாம். தடுப்புக் கம்பி கிடையாது, போலீஸ் நிற்காது. நுழைவில் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும், அவ்வளவுதான். அதனால்தான் நுழைந்தது தெரியாமலே ஆள் ஊர் வந்து சேர்கிறார்.

பலகையை இப்படி அடையாளம் காணுங்கள். வெள்ளை வட்டம், சுற்றி சிவப்பு வளையம், உள்ளே ஒன்றும் இருக்காது. கீழே நேரம் எழுதியிருக்கும். நேரத்துக்குப் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் வேலை நாள், அதில் சனிக்கிழமையும் சேர்த்தி. சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறையும். பல நுழைவுகளில் மேலே மின் பலகையும் உண்டு. அதில் "வார்கோ அட்டிவோ" என்று எரிந்தால் வாசல் திறந்திருக்கிறது என்று பலர் நினைத்துப் போய்விடுகிறார்கள். "அட்டிவோ" என்பது கேமரா வேலை செய்கிறது என்ற பொருளில். போகக் கூடாது. "நான் அட்டிவோ" என்றால்தான் போகலாம். நம்ம "நான்" இல்லை, அவர்களுடைய "இல்லை".

பிளாரன்ஸில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7:30 முதல் இரவு 8 வரை, சனி மாலை 4 வரை. கோடை மாதங்களில் வியாழன், வெள்ளி, சனி பின்னிரவிலும் உண்டு, மே அதில் வரும். ஓட்டல் உள்ளே இருந்தால், பெட்டி இறக்க வரும் வண்டியின் நம்பரை ஓட்டல்காரரே நகராட்சிக்குப் பதிவு செய்வார். ஆனால் நீங்கள் நம்பரைக் கொடுத்துக் கேட்டால்தான் செய்வார்.

அபராதம் எப்படி வரும் என்று தெரிந்துகொள்வது முக்கியம், இதில்தான் குழப்பம் அதிகம். கேமரா எடுத்த நம்பர் வாடகைக் கம்பெனி பெயரில் இருக்கும். நகராட்சி கம்பெனியைக் கேட்கும், கம்பெனி உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுக்கும். அப்படிக் கொடுத்ததற்குக் கூலியாக உங்கள் கார்டிலிருந்து 40, 50 யூரோ எடுக்கும். அது அபராதம் இல்லை. அபராதம் 80 யூரோவுக்கு மேல், தபால் செலவும் சேர்த்து, பல மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் சென்னை முகவரிக்கு வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம். கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30% குறையும். கடிதத்தில் உள்ள எண்ணையும் கார் நம்பரையும் போட்டு இணையத்தில் கட்டலாம். கம்பெனி எடுத்த கூலியைப் பார்த்து "கட்டியாச்சு" என்று கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கூகுள் மேப்பை நம்பி நுழையாதீர்கள், ஓட்டல் வாசலைக் குறியாக வைத்தால் அது குறுக்கு வழியில் உள்ளே கூட்டிப்போய்விடும். ஒவ்வொரு ஊருக்கும் பார்க்கிங்கைக் குறியாக வையுங்கள். உங்கள் பட்டியலுக்கு:

சியெனாவில் சாந்தா காதரீனா. அங்கிருந்து ஊருக்குள் எஸ்கலேட்டர் ஏறுகிறது, பெரியவர்களுக்கு வசதி. சான் ஜிமிஞானோவில் பி1 தள்ளி இருக்கும், மலிவு, ஏற்றத்தில் நடக்கணும். பி2 கோட்டை வாசலுக்கே பக்கம். அப்பா அம்மாவோடு போவதால் பி2. பீசாவில் வியா பியெத்ராசாந்தீனா, கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. போகும் வழியில் லூக்கா பார்க்கணும் என்றால் மதிலுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். கடைசி நாளில் மறுபடி பிளாரன்ஸ் பார்க்க ஆசை வந்தால் ஏ1 ஆட்டோஸ்ட்ராடாவிலிருந்தே நுழைகிற வில்லா கொஸ்தான்சா பார்க்கிங் இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டு டி1 டிராமில் நகருக்குள் போய் வரலாம், இசட்.டி.எல். எல்லை பக்கமே வண்டி போகாது.

---

நாலுசக்கரம்:

தெற்குவாசல் சொன்னதில் ஒரு சேர்க்கை: பிளாரன்ஸில் பஸ் லேனுக்கும் கேமரா உண்டு, இசட்.டி.எல். எல்லைக்கு வெளியிலும். ரோட்டில் மஞ்சள் கோடு போட்ட லேனில் இறங்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ். வாடகையோடு மோதல், திருட்டுக் காப்பு சேர்ந்தே வரும். ஆனால் முதல் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், இத்தாலியில் அதை "ஃபிராங்கீஜியா" என்பார்கள். சாதாரணக் காரில் 1,000 முதல் 2,000 யூரோ. அந்த அளவு தொகையை உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். ஒன்று, இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் அவ்வளவு லிமிட் காலியாக இருக்கணும், வெளிநாட்டுப் பயன்பாடு வங்கி ஆப்பில் திறந்திருக்கணும், வெளிநாட்டுக்கான உச்சவரம்பையும் தனியாக ஏற்றி வைக்கணும். டெபிட் கார்டு, ஃபோரெக்ஸ் கார்டு இதற்குப் பெரும்பாலும் உதவாது. பலர் கவுன்ட்டரில் மாட்டுவது இங்கேதான், காசு இருந்தும் கார்டு இல்லாமல். மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கியைவிட மோசமாகவே இருக்கும்.

கவுன்ட்டரில் "ஜீரோ" காப்பு, அதாவது உங்கள் பொறுப்புத் தொகையே இல்லாத காப்பு, விற்பார்கள். வெளியே தனிக் கம்பெனிகளில் இதைவிட மலிவாகப் பாலிசி கிடைக்கிறது, அதை எடுத்தால் போதும் என்பது என் கருத்து. இந்தியாவில் வசிப்பவருக்கு விற்கிறார்களா என்று விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வலக்கை_கியர்:

இதில் நாலுசக்கரத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளிப் பாலிசி திருப்பிக் கொடுக்கிற வகை: கம்பெனி முதலில் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் பில், ஒப்பந்தம், சேத அறிக்கை எல்லாம் அனுப்பிக் காசைத் திரும்ப வாங்கணும். டெபாசிட்டும் குறையாது. வலது பக்கம் ஓட்டவே முதல் முறை, நாலு இரவு பண்ணை வீடு. இவருக்குக் கவுன்ட்டர் காப்பு எடுப்பது நிம்மதி. நாலைந்து நாள்தானே.

அதைவிட, எதை எடுத்தாலும் எது சேராது என்று படியுங்கள். அடிப்படைக் காப்பில் டயர், ரிம், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் வழக்கமாகச் சேராது. சியெனாவுக்குத் தெற்கே பண்ணை வீட்டுக்குப் போகும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் தார் இல்லாத "வெள்ளை ரோடு", ஜல்லி தெறிக்கும். 30 வேகத்தில் போங்கள். பல வாடகைக் கார்களில் ஸ்டெப்னியே இருக்காது, பங்க்சர் அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான். காரை எடுக்கும்போதே டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். எதிரொளிச் சட்டையும் முக்கோணமும் அங்கேதான் இருக்கும். சட்டையை மட்டும் எடுத்துக் கையெட்டும் இடத்தில் வையுங்கள், இருட்டில் ஹைவேயில் இறங்கும் முன்பே போட வேண்டிய பொருள் அது. மனைவியும் ஓட்டுவார் என்றால் ஒப்பந்தத்தில் அவர் பெயர் ஏறணும், அவருக்கும் ஐ.டி.பி. வேண்டும்.

---

நாலுசக்கரம்:

முதல் முறை என்பதால் சரி, ஒப்புக்கொள்கிறேன். கவுன்ட்டர் காப்பு எடுத்தாலும் டயரும் அடிப்பாகமும் அதில் சேருகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

---

டிக்கி_இடம்:

டோல், பெட்ரோல் இரண்டும் யாரும் சொல்லவில்லை.

பச்சைப் பலகை ஆட்டோஸ்ட்ராடா, அதாவது டோல் ரோடு. நீலப் பலகை மற்ற ரோடு. பிளாரன்ஸிலிருந்து சியெனா போகும் நாலுவழி ரோடு நீலம், டோல் கிடையாது. பீசா பக்கம் போக இரண்டு வழி: ஏ11 டோல், ஃபி-பி-லி என்கிற சூப்பர்ஸ்ட்ராடா இலவசம். இலவச ரோடுகள் இரண்டும் குறுகல், ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, வேகம் பெரும்பாலும் 90, கேமரா தாராளம்.

டோலில் நுழையும்போது மெஷின் சீட்டு கொடுக்கும், இறங்கும்போது தொலைவுக்குக் காசு. சீட்டைத் தொலைத்தால் ஆகத் தொலைவான வாசலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். மஞ்சள் பலகை டெலிபாஸ், அவர்களுடைய ஃபாஸ்டேக், அதில் போகாதீர்கள். நீலம் கார்டு. கையும் காசும் வரைந்த வெள்ளைப் பலகைதான் பாதுகாப்பு, ரொக்கம் வாங்கும். நம்ம கார்டு சில மெஷினில் படுத்துக்கொள்ளும், அதனால் 5, 10 யூரோ நோட்டாக 30 யூரோ முன்னால் வைத்திருங்கள். தப்பான லேனில் நுழைந்துவிட்டால் ஒருபோதும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், அபராதத்தோடு லைசென்ஸே போகிற குற்றம் அது. உதவிப் பொத்தானை அமுக்கினால் ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டலாம்.

பெட்ரோல் "பென்சீனா". டீசல் "கசோலியோ". "கேஸ்" என்று காதில் விழுவதால் பெட்ரோல் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள், வழக்கமான காப்பு அதற்குப் பணம் தராது. சந்தேகம் வந்தால் எழுத்தை விடுங்கள், வடிவத்தைப் பாருங்கள்: மூடியிலும் பம்பிலும் வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். "சேர்வீதோ" என்ற பம்பில் ஆள் அடித்துவிடுவார், லிட்டருக்கு விலை கூட. "செல்ஃப்" பம்பில் நீங்களே அடிக்கணும். ஆளில்லாத மெஷினில் கார்டு போட்டால் 100 யூரோ போலப் பிடித்துவைத்து, மிச்சத்தைச் சில நாள் கழித்து விடுவிக்கும். பின் நம்பர் கேட்கும், தெரிந்திருக்கணும்.

பார்க்கிங் கோடு: வெள்ளை இலவசம் (நேரக் கட்டுப்பாடு இருந்தால் கார்க் கண்ணாடியின் உள்ளே உள்ள அட்டைக் கடிகாரத்தில் வந்த நேரத்தைத் திருப்பி வைக்கணும்), நீலம் கட்டணம், மஞ்சள் உங்களுக்கில்லை.

---

பெருங்குடி_பயணி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. காரை எடுக்கும்போதும் விடும்போதும் என்ன பார்க்கணும்?

---

தெற்குவாசல்:

எடுக்கும்போது நிழலில் இருந்தால் வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். ஒரே ஓட்டமாக வீடியோ: நம்பர் பிளேட், நாலு ரிம் (ஒவ்வொன்றுக்கும் குனிந்து), முன் பம்பரின் கீழ் உதடு, முன் கண்ணாடி, கூரை, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர். அவர்கள் கொடுக்கும் தாளில் இல்லாத கீறல் இருந்தால் கிளம்பும் முன் ஆளைக் கூப்பிட்டு எழுதி வாங்குங்கள், வீடியோவைவிட அந்தக் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸ் தாளும் டாஷ்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே நீல நிற விபத்துப் படிவமும். யாராவது உரசினால் இரண்டு பேரும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தாலிய மொழியில் எழுதியதைப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடிபட்டவர் இருந்தால் 112.

விடும் நாளில் ஏர்போர்ட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்பே டேங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தால் அவர்கள் போடும் விலையோடு நிரப்புக் கூலியும் சேரும். ஆள் இருக்கும் நேரத்தில் விட்டு, கூடவே நின்று "சேதம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் யாரோ பார்த்து எழுதும் அறிக்கைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அங்கிருந்து டெர்மினலுக்குத் திரும்ப பஸ் ஏறணும், அதற்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அந்தக் கார்டை ஒரு வருடத்துக்கு மூடவோ மாற்றவோ செய்யாமல் இருந்தால், பின்னால் வரும் கணக்கு எதற்கு என்று தேடிப் பார்ப்பது சுலபம்.